பளார் பாட்டு

நிறுத்துங்கள் தம்பி, அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். இல்லை, போனை நான் வாங்க மாட்டேன், உங்கள் கையிலேயே இருக்கட்டும். இப்போது திரையைப் பாருங்கள். சிவப்புச் சட்டை போட்ட ஆள், வாயிலிருந்து வெள்ளையாக ஏதோ பறக்கிறது. அது பல். இனி என்னைப் பாருங்கள். ஈ. தெரிகிறதா? அந்த ஆள் நான்தான்.

சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. செங்கல்பட்டிலிருந்து நீங்கள் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வருகிறீர்கள், நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக் கேட்டுக்கொண்டுதான் வருகிறேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு பாட்டு ஓடுகிறது என்றால் இப்படித்தான் ஓட வேண்டும், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஓட வேண்டும்.

இந்தப் பாட்டு இன்றைக்கு ஓடாது என்றார்கள். யார் சொன்னது? எல்லோரும் சொன்னார்கள். இன்டர்நெட் ரேடியோக்காரப் பெண் ஒருத்தி வீட்டுக்கே வந்து மைக்கை நீட்டிக் கேட்டாள், "சார், உங்க 'பளார்' இப்ப ரிலீஸ் ஆகியிருந்தா ஹிட் ஆகியிருக்குமா?" நான் வாயைத் திறப்பதற்குள் என் மருமகன் சமையலறை வாசலிலிருந்து பதில் சொல்கிறான்: "பாட்டு ஓடாது மாமா, போலீஸ்தான் ஓடி வரும்." அந்தப் பெண் சிரிக்கிறாள். என் மகளும் சிரிக்கிறாள். சொந்த வீட்டில், என் சோபாவில் உட்கார்ந்துகொண்டு. சரி, மகள் வீடு. மகளின் சோபா.

என் பெயர் ரெஜினால்ட். ரெஜி என்பார்கள். திருச்சி பொன்மலை, ரயில்வே காலனி. நாங்கள் மூன்று பேரும் பட்டறையில் வேலை பார்த்தோம். சாயங்காலம் சங்கு ஊதியதும் கையில் இருக்கிற கிரீஸைத் துடைத்துக்கொண்டு நேராக ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹால். நான் கிடார், பாட்டு. டிரம்ஸ் கஜேந்திரன், வீடியோவில் பின்னால் இருக்கிறான் பாருங்கள், முன்னால் ரத்தக்களறி, அவன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருக்கிறான், அவன்தான். கீபோர்டு அமலதாஸ். தாஸ். என்னை அடிக்கிறவன். பேண்ட் பெயர் ஷண்டிங் பாய்ஸ். அந்தக் காலத்தில் தமிழில் ராக் பாடினால் சிரிப்பார்கள். எங்களைப் பார்த்தும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்றே ஒரு பாட்டுப் போட்டோம்.

பாட்டு இவ்வளவுதான்:

கணக்கிலே முட்டை! பளார்!
கஞ்சியிலே கல்லு! பளார்!
பஸ்ஸிலே சில்லறை இல்லை! பளார்!
ஏன்னு கேட்டேன்! பளார்!

வாழ்க்கையில் எங்கே போனாலும் அறை வாங்குகிற ஒரு அப்பாவியைப் பற்றிய பாட்டு. ஆழமாக யோசித்தால் தத்துவம். யோசிக்காவிட்டால் தமாஷ். ஒவ்வொரு வரிக்கும் பிறகு எல்லா வாத்தியமும் சட்டென்று நிற்கும். அந்த இடைவெளியில் பளார். நான் கிடாரை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுத் தாஸ் கன்னத்தில் ஒன்று வைப்பேன். கூட்டம் "பளார்" என்று கத்தும். மறுபடி வாத்தியம்.

ஏன் தாஸ் என்று கேட்கிறீர்களா? நான் பாட வேண்டும். கஜேந்திரன் டிரம்ஸுக்குப் பின்னால், எட்டாது. தாஸ்தான் பக்கத்தில். அவன் முகமும் அதற்கென்றே அமைந்த முகம். ஒல்லி, மூக்குக் கண்ணாடி, சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவன். அறை வாங்கினால் உடனே கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எதுவும் நடக்காத மாதிரிக் கட்டைகளில் விரலை வைப்பான். அதைப் பார்த்துத்தான் ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும். நடிப்பு இல்லை தம்பி, அவன் அப்படித்தான்.

மெட்ராஸுக்கு வந்து கேசட் போட்டோம். இரண்டு பக்கமும் அதே ஒரு பாட்டு. ரெக்கார்டிங் அன்று பெரிய சங்கடம். கை தட்டிப் பார்த்தோம், அறை மாதிரி இல்லை. தோல் செருப்பால் பலகையில் அடித்தோம், செருப்பு பலகையில் அடித்த மாதிரியே இருந்தது. ஒலிப்பதிவுக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார், "நிஜமாவே அடிங்களேன்." மைக்கைத் தாஸின் இடது கன்னத்துக்கு நேரே இறக்கினார்கள். நான் தயங்கினேன். சத்தியமாகத் தயங்கினேன். தாஸ்தான் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அடிடா" என்றான்.

முதல் அடி சரியாக விழவில்லை. அடுத்தது தாடையில் பட்டு மொத்தென்று கேட்டது. ஒன்றில் தாஸ் "ஆ" என்றுவிட்டான், டேக் வீண். சாப்பாட்டு நேரம் வரை அடித்தேன், சாப்பிட்டு வந்தும் அடித்தேன். என் உள்ளங்கை வீங்கிவிட்டது. ஐஸ் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன் என்றால் பாருங்கள், எவ்வளவு உழைத்திருக்கிறேன். கடைசியில் கை முழுசாக, கன்னமும் காதும் சேர்ந்து ஒரு அடி விழுந்தது பாருங்கள். ஒலிப்பதிவுக்காரர் எழுந்து நின்றார். கேசட்டில் இருப்பது அந்த அடிதான். எல்லா வரிக்கும் அதே அடியை வெட்டி ஒட்டினார்கள்.

திரும்பி வரும்போது ரயிலில் தாஸ் சொன்னான், "டேய் ரெஜி, காதுக்குள்ள ஒரு விசில் கேட்டுக்கிட்டே இருக்குடா." எந்த ஸ்ருதி என்று கேட்டேன். கொஞ்சம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ஈ ஃபிளாட்" என்றான். அப்படிப்பட்ட காது அவனுக்கு. அந்த மாதிரிக் காதெல்லாம் இனிமேல் பிறக்காது.

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. டீக்கடை, சலூன், காலேஜ் ஹாஸ்டல், எங்கே போனாலும் பளார். தாஸ் மார்க்கெட்டுக்குப் போனால் காய்கறிக்காரி முதல் போலீஸ்காரர் வரை கன்னத்தில் ஒன்று தட்டிவிட்டுத்தான் பேசுவார்கள். என்னை யாரும் தட்டவில்லை. பாடினது நான், எழுதினது நான், புகழ் முழுக்க அவன் கன்னத்துக்கு. நான் பொறாமைப்பட்டேனா? இல்லை. அவன் கல்யாணத்தில் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். இன்ஸ்டிட்யூட் ஹாலில் ரிசப்ஷன். ஜனம் வரிசையாக மேடை ஏறிப் பரிசைக் கொடுக்கும், ஒரு அறை விடும், போட்டோவுக்கு நிற்கும். சின்னச் சின்ன அறைதான், பாசமான அறை. பட்டறை ஃபோர்மன் மட்டும் கொஞ்சம் பலமாக விட்டார், அவர் குடித்திருந்தார். பெண்ணின் அண்ணன்கூட ஒன்று வைத்தான். நான் மைக்கில் பின்பாட்டுப் பாடினேன். பிலோமினா, அதுதான் பெண், மாலையோடு பக்கத்தில் நின்றாள். அன்றைக்கு முழுக்கச் சிரிக்கவே இல்லை. புதுப் பெண், வெட்கம் என்று நினைத்தேன். இன்றுவரை அந்த வெட்கம் போகவில்லை, எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் அவள் கையால் கிடைத்ததில்லை.

காது? காது போய்விட்டது. இடது காது. பட்டறைச் சத்தம், வேறென்ன. ரயில்வே ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன், அந்த விஷயத்தில் என்னைக் குறை சொல்ல முடியாது. டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "யாராவது அடிச்சாங்களா?" என்றார். நான், "ரசிகர்கள் சார்" என்றேன். டாக்டரும் சிரித்தார், அவரிடமும் கேசட் இருந்தது. அப்புறம் தாஸ் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பதை விட்டுவிட்டான். பாடகர் குழு இடது பக்கம் நிற்குமாம், கேட்கவில்லையாம். வலது பக்கம் வந்து நில்லுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆயிற்று. சொல்ல மாட்டான். சொல்லத் தெரியாது அவனுக்கு. மனதில் இருப்பதைச் சொல்லாத ஆட்களோடு பழகுவது கஷ்டம் தம்பி.

காலம் போனது, பேண்ட் கலைந்தது, கேசட்டே ஒழிந்தது. மூவரும் ரிட்டயர்டு. நான் தாம்பரத்தில் மகளோடு. அப்போதுதான் அந்த ரேடியோப் பெண் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டாள், மருமகன் அந்தப் பதிலைச் சொன்னான். எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. ஓடுமா, ஓடாதா? நான் செத்த பிறகு என் பேரைச் சொல்ல அந்த ஒரு பாட்டுத்தான் இருக்கிறது. அதுவும் ஓடாது என்றால் நான் என்னதான் செய்தேன் இந்த உலகத்தில்?

பாடிப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். திருச்சிக்கு வெளியே ஒரு இன்ஜினியரிங் காலேஜ், ஆண்டு விழா, பழைய பேண்ட் என்று இடம் கொடுத்தார்கள். கஜேந்திரன் உடனே சரி என்றான். தாஸிடம் போனேன். "அடிக்காம பாடலாமா ரெஜி?" என்றான். "டேய், அடி இல்லாம அது என்ன பாட்டு? கஞ்சியில கல்லு, அவ்வளவுதானா?" என்றேன். கண்ணாடியைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். வருகிறேன் என்றான்.

நீங்கள் போனில் பார்ப்பது அந்தக் காலேஜ்தான். பகல் நேரம், ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆரம்பம் பிரமாதம். கிடார் எடுத்ததும் எழுந்துவிட்டார்கள், ஆடுகிறார்கள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஓடுகிறதடா பாட்டு என்று நினைத்தேன். கணக்கிலே முட்டை என்றேன். வாத்தியம் நின்றது. பளார்.

யாரும் கத்தவில்லை.

அந்த மாதிரி அமைதியை நான் மேடையில் கேட்டதே இல்லை. மைக் போய்விட்டதா என்று தட்டிப் பார்த்தேன். இருக்கிறது. சரி, அடி போதவில்லை, பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று அடுத்த வரிக்குக் கொஞ்சம் பலமாக விட்டேன். முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்துப் பெண்ணிடம், "ஐயோ, நிஜமா அடிக்கிறாருடி அந்தத் தாத்தாவை" என்கிறாள், எனக்கு நன்றாகக் கேட்கிறது. ஆடின பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். போன்கள் மட்டும் மேலே வருகின்றன. எனக்கு வெறி வந்துவிட்டது. தாஸ் மேல் இல்லை தம்பி, அவன் மேல் எனக்கு என்ன வெறி, பாட்டைத் தூக்கி நிறுத்த வேண்டுமே என்ற வெறி. பஸ்ஸிலே சில்லறை இல்லை, இன்னும் பலமாக. ஏன்னு கேட்டேன், அதைவிடப் பலமாக. கண்ணாடி தெறித்துக் கீபோர்டு மேல் விழுந்தது.

கடைசி வரி மட்டும் தாஸ் பாடுவது. பாட்டிலேயே அவனுக்கு இருப்பது அந்த ஒரு வரிதான். "சும்மாதான் நின்னேன்." அவ்வளவு. அந்தக் காலத்தில் அவன் குரல் யாருக்கும் கேட்காது, அதற்குள் கூட்டம் கத்த ஆரம்பித்துவிடும். அன்றைக்குக் கேட்டது. நடுங்குகிற கிழட்டுக் குரலில், அந்த அமைதியில், "சும்மாதான் நின்னேன்" என்று பாடினான். பாடிவிட்டு, தானே அதைக் கேட்டவன் மாதிரி நின்றான்.

நான் கையை ஓங்கினேன். பிடித்துக்கொண்டான்.

அதற்கு அப்புறம் நடந்ததைத்தான் நீங்கள் பார்த்துக்கொண்டு வருகிறீர்கள். முதல் குத்து வாயில். ஆர்கன் வாசித்த விரல்கள், மடக்கினால் எலும்பு மட்டும்தான். இரண்டாவது கண்ணுக்குக் கீழே, இதோ தையல். நான் "டேய் தாஸ், டேய்" என்கிறேன், வாயில் ரத்தம், சத்தம் வரவில்லை. கிடார் பட்டையைப் பிடித்து இழுத்து என்னைத் தரையில் போட்டான். மைக் ஸ்டாண்டை எடுத்தான். விலாவில் இறங்கியது. மறுபடியும் விலாவில். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும் தம்பி, உங்கள் போனில் சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேளுங்கள்: கஜேந்திரன் நிறுத்தாமல் வாசிக்கிறான், தாஸ் ஒரு அடிகூடத் தாளம் தப்பவில்லை. சரியாக அந்த இடைவெளியில் விழுகிறது ஒவ்வொன்றும். கீழே கிடந்து நான் அதைத்தான் கவனித்தேன். கலைஞன் கலைஞன்தான்.

மூன்றாவது அடிக்கோ நாலாவது அடிக்கோ யாரோ ஒருத்தன் கத்தினான், "பளார்!" அடுத்த அடிக்கு ஐம்பது பேர். அதற்கு அடுத்ததற்கு ஷாமியானாவே கத்தியது. நாற்காலி மேல் ஏறி நின்று கத்துகிறார்கள். அந்த முன்வரிசைப் பெண்ணும். பளார்! பளார்! நான் ரத்தத்தைத் துப்பிவிட்டுப் படுத்திருக்கிறேன், என் பாட்டு என் காதில் விழுகிறது. ஓடிவிட்டது தம்பி. என் பாட்டு இந்தக் காலத்திலும் ஓடிவிட்டது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தால் மருமகன் போனை நீட்டுகிறான். லட்சக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். குழந்தைகள் செய்து காட்டுகின்றன, பொம்மையை வைத்துச் செய்கிறார்கள், மாப்பிள்ளையும் பெண்ணும் கல்யாண மேடையில் செய்கிறார்கள். "இப்ப சொல்லு, ஓடுமா ஓடாதா?" என்றேன் மருமகனிடம். சென்னையில் பெரிய அரங்கம், சனிக்கிழமை, எங்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். நடத்துகிறவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், "அந்த அங்கிள் கண்டிப்பா வரணும் சார். அவர் அடிக்கணும். அதுக்குத்தான் ஜனம் வருது." அடிக்கட்டும்! எனக்கு என்ன? இத்தனை வருஷம் அவன் வாங்கினான், இனி நான் வாங்குகிறேன். மாட்டேன் என்றா சொன்னேன்? நியாயம்தானே?

தையல் ஈரம் காய்வதற்குள் பொன்மலைக்கு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மேல் போலீஸில் புகார்கூடக் கொடுக்கவில்லை நான், அந்தப் பெருந்தன்மையை நினைத்துப் பாருங்கள். தாஸ் முற்றத்தில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். வா, வந்து அடி, எவ்வளவு வேண்டுமானாலும் அடி, பல் இன்னும் நிறைய இருக்கிறது என்றேன். ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டுவிட்டுச் சொல்கிறான்:

"என்னால முடியாது ரெஜி. கோபமெல்லாம் அன்னைக்கே தீர்ந்துபோச்சு."

"கோபம் எதுக்குடா? கோபம் வேண்டாம். சும்மா அடி. நான் உன்னைக் கோபத்தோடயா அடிச்சேன் அத்தனை வருஷம்? சும்மாதானே அடிச்சேன்?"

உள்ளேயிருந்து பிலோமினா வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னிடம் நேராகப் பேசியது அன்றைக்குத்தான். "அண்ணே, அந்த 'சும்மா'தாண்ணே எங்களைக் கொன்னுச்சு" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றைக்கு வரை புரியவில்லை. கோபத்தோடு அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்குமாமா? பெண்களின் பேச்சு.

தாஸ் வாசல் வரை வந்து வழியனுப்பினான். என் முகத்துத் தையலைத் தொட்டுப் பார்த்தான், விரல் நுனியால், ஆர்கன் கட்டையைத் தொடுகிற மாதிரி. "வலிக்குதா?" என்றான். அப்புறம் என்ன சொன்னான் தெரியுமா? "இப்பல்லாம் நல்லாத் தூங்குறேன் ரெஜி" என்றான். முகமே மாறிவிட்டது தம்பி. தெளிந்த தண்ணீர் மாதிரி இருக்கிறான். இந்த முகத்தை வைத்துக்கொண்டு சனிக்கிழமை நான் என்ன செய்வது? அரங்கத்துக்கு வருகிறவர்கள் சாந்தமான ஒரு கிழவனைப் பார்க்கவா வருகிறார்கள்? மறுபடி அந்த அமைதி வந்துவிட்டால்? அதை இன்னொரு தரம் என்னால் கேட்க முடியாது. செத்துவிடுவேன்.

வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள் என்றால் நடத்துகிறவர் ஒப்புக்கொள்ளவில்லை. "அந்தக் கோபம் வேணும் சார்" என்கிறார். எல்லோருக்கும் அந்தக் கோபம் வேண்டும். அது தீர்ந்துபோயிற்றாம். தீர்ந்தால் என்ன, மறுபடி வராதா? ஒரு ஆளிடமிருந்து அதை எப்படி வரவழைப்பது என்று எனக்குத் தெரியும், என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் எவனும் இல்லை. முன்பு தெரியாமல் செய்தேன், வருஷக்கணக்கில் ஆயிற்று. இப்போது தெரிந்து செய்யப் போகிறேன், ஒரு நொடியில் ஆகிவிடும்.

இப்போது அவன் வீட்டுக்குத்தான் போகிறேன். இந்த நேரத்தில் பிலோமினா சர்ச்சுக்குப் போயிருப்பாள். அவன்தான் கதவைத் திறப்பான். பேச்சு எதுவும் கிடையாது. இடது கன்னத்தில் விட்டுப் பிரயோஜனம் இல்லை, அது பழகிப்போன கன்னம், அந்தப் பக்கம் அவனுக்கு எதுவும் கேட்பதுமில்லை. வலது பக்கம். கன்னமும் காதும் சேர்ந்து, கை முழுசாக, அந்தக் கேசட்டில் இருக்கிற அடி மாதிரி ஒன்று. அதற்கு இடது கைதான் வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து தலையணையில் அடித்து அடித்துப் பழகியிருக்கிறேன், கை இப்போது நன்றாக விழுகிறது. எனக்கு ஒரு கோபமும் இல்லை, நினைவு வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு ஓட வேண்டும், அவ்வளவுதான். சனிக்கிழமை நீங்களும் வாருங்கள், கடைசி அடிவரை இருந்து பாருங்கள்.

கொஞ்சம் காலை மடக்கிக்கொள்ளுங்கள் தம்பி, டோல்கேட் வந்துவிட்டது, பொன்மலைக்கு நான் இங்கேதான் இறங்க வேண்டும். மேலே அந்த நீலப் பையைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள். என் இடது கையில் வேண்டாம். வலது கையில் கொடுங்கள்.